மெயில் சர்வரை மாற்றப் போகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்ச் 2016 இன்னும் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

விடாதீர்கள். 2016, 2019 ஆகிய இரண்டு பதிப்புகளுக்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இணையத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கும் சர்வர் இது. 2021-ல் எக்ஸ்சேஞ்சில் ஓட்டைகள் வெளியானபோது, அவற்றை அடைக்கும் திருத்தத்தை (பேட்ச்) போடாதவர்களின் சர்வர்களுக்குள் உலகெங்கும் ஆட்கள் புகுந்தார்கள்.

கேள்வி: எக்ஸ்சேஞ்சுக்குப் பதிலாக லைசென்ஸ் கட்டணமில்லாத மென்பொருளுக்கு மாறலாம் என்றால், போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட், சோகோ என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை எடுப்பது?

எல்லாமே வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. மெயிலை அனுப்புவதும் வாங்குவதும் போஸ்ட்ஃபிக்ஸ். பெட்டியில் வைத்து ஐமேப் (மெயில் நிரல்கள் பெட்டியைப் படிக்கும் முறை) வழியாகக் காட்டுவது டவ்காட். ஸ்பேமை வடிகட்ட ஆர்ஸ்பாம்டி. வெப்மெயிலும் காலண்டரும் சோகோவில். இவற்றை டாக்கரில் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டகங்களாக ஓட்டும் கருவி) ஒரே கட்டாகத் தருகிறது மெயில்கவ். முதல்முறை இறங்குபவர்கள் அதையே எடுங்கள்.

கேள்வி: பல வருட மெயில்களை இழக்காமல் எப்படி மாற்றுவது? இடையில் மெயில் நிற்கவும் கூடாது.

ஒரு பெட்டியின் மெயில்களை இன்னொன்றுக்கு நகலெடுக்கும் ஐமேப்சிங்க் என்ற கருவி போதும். எக்ஸ்சேஞ்சில் ஐமேப் சேவை பெரும்பாலும் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். முதலில் அதை ஓடவிடுங்கள். பழைய சர்வர் வேலையில் இருக்கும்போதே ஒரு சுற்று நகலெடுங்கள். பெரிய பெட்டிகளுக்கு இது நாள்கணக்கில் ஓடலாம், பதற வேண்டாம். இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: பழைய இடத்தில் ‘சென்ட் ஐட்டம்ஸ்’ என்று இருப்பது புதிய இடத்தில் வெறும் ‘சென்ட்’. இவற்றை ஒன்றோடொன்று பொருத்தும் ஆட்டோமேப் என்ற விருப்பத்தைச் சேர்க்காவிட்டால் இரண்டு ஃபோல்டர்களும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், அனுப்பிய மெயில் காணோம் என்று அலுவலகமே உங்களிடம் வரும்.

உங்களுக்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது டொமைனின் டிஎன்எஸ்-ல் உள்ள எம்எக்ஸ் பதிவு. அதை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரமான டிடிஎல்-ஐ முன்கூட்டியே 300 நொடிக்குக் குறைத்துவிட்டு, ஒரு வார இறுதியில் பதிவை மாற்றுங்கள். பிறகு இன்னொரு சுற்று ஓட்டினால் விடுபட்டவை மட்டும் வரும். அதுவரை யாரும் புதுப் பெட்டியைத் தொடக்கூடாது. அங்கே அழித்த மெயில் மறுசுற்றில் திரும்ப வந்துவிடும். சர்வர் சிறிது நேரம் படுத்தாலும் அனுப்பியவரின் சர்வர் வரிசையில் வைத்து மறுபடி முயலும்.

காலண்டரும் தொடர்புகளும் ஐமேப்சிங்க்கில் வராது. அவற்றைத் தனியாக ஏற்றுமதி செய்ய வேண்டும். திட்டத்தில் இதற்கு ஒரு நாளாவது ஒதுக்குங்கள்.

கேள்வி: புது சர்வரிலிருந்து போகும் மெயில் எல்லாம் ஸ்பேமில் விழுகிறது.

வாடிக்கையாளருக்கு அனுப்பிய விலைப்பட்டியல் ஸ்பேமில் கிடந்தால் வியாபாரமே போகும், அதனால் இதை மாற்றத்துக்கு முன்பே சரிபாருங்கள். ஐபி முகவரிக்கு உரிய பெயரைச் சொல்லும் ரிவர்ஸ் டிஎன்எஸ், சர்வர் தன்னைச் சொல்லிக்கொள்ளும் பெயரோடு பொருந்த வேண்டும். அதை மாற்றுவது உங்கள் டொமைன் பக்கத்தில் அல்ல, ஐபி கொடுத்தவரிடம். எஸ்பிஎஃப் (உங்கள் பெயரில் அனுப்பக்கூடிய சர்வர்களின் பட்டியல்), டிகிம் (மெயிலில் போடும் டிஜிட்டல் கையொப்பம்), டிமார்க் (இவற்றில் தேறாத மெயிலை என்ன செய்வது என்ற அறிவிப்பு) மூன்றும் வேண்டும். எஸ்பிஎஃப்-ல் டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டினால் பதிவே தோற்றுவிடும். டிமார்க்கை முதலில் எதையும் தடுக்காத ‘நன்’ கொள்கையில் வைத்து, அறிக்கைகளைப் பார்த்தபின் இறுக்குங்கள். சர்வர்கள் ஒன்றுக்கொன்று மெயில் அனுப்பும் 25-ஆம் போர்ட்டை அடைத்து வைக்கும் ஹோஸ்டிங் நிறுவனங்கள் உண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: அவுட்லுக்கை விட மாட்டோம் என்கிறார்கள்.

விட வேண்டியதில்லை. மெயில் ஐமேப்பில் ஓடும். பழைய (கிளாசிக்) அவுட்லுக்கில் காலண்டருக்கு கால்டாவ் சிங்க்ரனைசர் என்ற இலவசத் துணைநிரல் இருக்கிறது. போனில் மெயிலும் காலண்டரும் ஒத்திசைய சோகோவின் ஆக்டிவ்சிங்க். ஆனால் காலண்டரை அதிகம் பயன்படுத்தும் இரண்டு பேரை முதலில் மாற்றி, மீட்டிங் அழைப்புகள் போய் வருகின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி: லைசென்ஸ் கட்டணம் இல்லையே, அப்படியானால் செலவே இல்லைதானே?

ஆள் செலவு இருக்கிறது. அப்டேட் போடவும், லாக் பார்க்கவும், பேக்கப்பிலிருந்து ஒரு பெட்டியை மாதாமாதம் மீட்டுப் பார்க்கவும் பெயர் சொல்லி ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். அவர் லீவில் போனால் பார்க்க இன்னொருவரும். அப்படி யாருமில்லை என்றால் சொந்தமாக நடத்த வேண்டாம். இதே மென்பொருள்களைப் பராமரித்துத் தரும் ஹோஸ்டிங்கில் கணக்கு எடுங்கள். டொமைன் உங்கள் பெயரில் இருக்கட்டும், நாளை இடம் மாற அது போதும்.