அடுத்த தெரு சுஷிக் கடை: கேட்டீர்கள், சொல்கிறேன்

டோக்கியோ நிஷி கசாயில் எங்கள் தெருமுனையில் இருக்கும் எட்டு நாற்காலி சுஷிக் கடையைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதினேன். புளிப்புச் சோற்றைப் பிடித்து மேலே மீன் வைத்துத் தரும் பண்டம்தான் சுஷி. அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

திருச்சி வாசகர்: அடுத்த மாதம் டோக்கியோவில் மகன் வீட்டுக்கு வருகிறோம். வீட்டுக்குக் கீழேயே சின்ன சுஷிக் கடை. வாசலில் துணி தொங்குகிறதாம், விலைப் பலகை இல்லையாம். நம்பிப் போகலாமா?

துணி தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம் ஐயா. நோரென் என்பார்கள், கடை அடைக்கும்போது உள்ளே எடுத்து வைத்துவிடுவார்கள். அதை விலக்கி உள்ளே போய், எத்தனை பேர் என்று விரலைக் காட்டினால் போதும். முதல் தடவை மதியம் போங்கள். ‘நாமி’, ‘ஜோ’, ‘தொகுஜோ’ என்று தட்டுகள் இருக்கும். சாதா, ஒசத்தி, ரொம்ப ஒசத்தி. எங்கள் கடையில் மதியத்துச் சாதாத் தட்டு 1,200 யென். விலை முன்கூட்டியே தெரிந்துவிடுவதால் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

சுவரில் தொங்கும் மரப்பலகையில் மீன் பெயரோடு ‘ஜிகா’ என்று எழுதியிருந்தால் மட்டும் உஷார். அன்றைய மார்க்கெட் விலை என்று பொருள். நம் ஊரில் விலை கேட்காமல் வஞ்சிரத்தை வெட்டச் சொல்வோமா? அதுபோலத்தான். ஆனால் விலை கேட்கும்போது வெறும் ‘இகுரா?’ என்று நிறுத்திவிடாதீர்கள். அதற்கு ‘எவ்வளவு’ என்றும் பொருள், சால்மன் மீன் முட்டை என்றும் பொருள். வந்த புதிதில் நான் அப்படிக் கேட்டு, ஆரஞ்சு முத்துகள் குவிந்த இரண்டு சுஷி வந்து உட்கார்ந்தன. சாப்பிட்டேன், வேறென்ன செய்வது. ‘இகுரா தெசுகா’ என்று முழுதாகக் கேளுங்கள்.

இன்னொன்று: டோக்கியோவின் டொயோசு மீன் சந்தைக்கு ஞாயிறும் சில புதன்களும் விடுமுறை. அதையொட்டிக் கடைக்கும் லீவு இருக்கலாம்.

கும்பகோணம் வாசகி: நான் சுத்த சைவம். கூடப் போனால் பட்டினிதானா?

பட்டினி இல்லை அம்மா, ஆனால் விருந்தும் இல்லை. வெள்ளரிக்காய் வைத்த சோற்றுச் சுருள், ‘கப்பா மாகி’, கிடைக்கும். கப்பா என்பது ஆற்றில் வாழ்வதாக அவர்கள் கதையில் வரும் ஒரு பூதம். அதற்கு வெள்ளரி உயிர். புளிப்புப் பிளம் வைத்த சுருள், ஊறுகாய் முள்ளங்கிச் சுருள் இரண்டும் உண்டு. ‘கன்ப்யோ’ என்று ஒன்று இருக்கிறது, கேட்டால் நம்ப மாட்டீர்கள்: சுரைக்காயை நாடாவாகச் சீவிக் காயவைத்து, சோயாவும் சர்க்கரையும் விட்டு வேகவைத்தது. நம் சுரைக்காய் வற்றலேதான்.

சிக்கல் தாஷியில்தான். அது காய்ந்த சூரை மீனைச் சீவிக் கொதிக்கவைத்த சாறு. எங்கள் தூத்துக்குடிப் பக்கம் மாசி என்போமே, கிட்டத்தட்ட அது. மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப், முட்டை ஆம்லெட், இனிப்பு டோஃபு பைக்குள் சோறு வைத்த இனாரி என்று பார்க்க மீனே இல்லாததுபோல் தெரிவதில் எல்லாம் அது ஒளிந்திருக்கும். கன்ப்யோவிலும் சில கடைகளில் சேர்ப்பார்கள். உட்காரும்போதே ‘சகானா மோ தாஷி மோ தாபெராரெமாசென்’, மீனும் தாஷியும் சாப்பிட மாட்டேன், என்று சொல்லிவிடுங்கள். கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். யோசிப்பார்.

ராமேஸ்வரம் வாசகர்: நாங்களே பச்சை மீன் தின்பதில்லை. அவர்களுக்கு மட்டும் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாதா?

ஆகும். மீனுக்குள் இருக்கும் அனிசாகிஸ் என்ற புழு அங்கேயும் ஆளைப் படுத்துகிறது. வினிகருக்கும் வசாபிக்கும் (சுஷியோடு வைக்கும் பச்சை நிறக் கார விழுது) அது சாகாது. மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் உறையவைத்தால் சாகும். இல்லையென்றால் நன்றாக வேகவைக்க வேண்டும். சூரை பெரும்பாலும் அதைவிடக் கடுங்குளிரில் உறைந்தேதான் சந்தைக்கு வருகிறது. அந்தக் காலத்து ஜப்பானியர் சால்மனைப் பச்சையாகத் தொட்டதில்லை, காரணம் இந்தப் புழுதான். 1980-களில் நார்வேக்காரர்கள் பண்ணை சால்மனைக் கொண்டுவந்து விற்ற பிறகு வந்த பழக்கம் அது.

அப்புறம், சுஷி முழுக்கப் பச்சை என்பதும் சரியில்லை. டோக்கியோவின் பழைய பெயர் எடோ. ஐஸ் இல்லாத அந்த எடோ காலத்தில் பிறந்த பண்டம். கானாங்கெளுத்தியை உப்பிலும் வினிகரிலும் ஊறவைப்பார்கள். இறால், ஆக்டோபஸ், விலாங்கு பெரும்பாலும் வெந்துதான் வரும். தயவுசெய்து ஊரில் வாங்கிய மீனை வீட்டில் நறுக்கிச் சோதனை செய்யாதீர்கள்.

சென்னை வாசகி: குச்சி பிடிக்க வராது. கையால் சாப்பிட்டால் சிரிப்பார்களா?

மாட்டார்கள். எங்கள் தைஷோ (கடைக்காரரை அப்படித்தான் கூப்பிடுவோம்) கையால் சாப்பிட்டால் சந்தோஷப்படுவார். குச்சியில்தான் சோறு உடைகிறது.

நான் கெடுத்தது வேறு விதத்தில். முதல் நாள் சோற்றுப் பக்கத்தை சோயாவில் நன்றாக முக்கினேன், சாம்பாரில் இட்லியை முக்குகிற மாதிரி. கிண்ணத்தில் பருக்கை பருக்கையாகக் கருப்பாய் மிதந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. புதுக் கிண்ணம் வைத்தார். வெறுங்கையில் ஒரு சுஷி இருப்பதுபோல் பிடித்து, மணிக்கட்டைத் திருப்பி, மீன் பக்கம் மட்டும் சோயாவில் படுவதாகக் காட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

ஏன் அத்தனை அக்கறை என்றால், அவருக்கு அது சோற்றுப் பண்டம். சுஷி என்ற சொல்லே புளிப்பைக் குறிப்பது. புளிப்பு சோற்றில்தான் இருக்கிறது. காலையில் வெந்த சோற்றை மரத்தொட்டியில் கொட்டி, வினிகர், உப்பு, சர்க்கரை கலந்து, குழையாமல் அகப்பையால் கீறிக் கீறிப் புரட்டி விசிறுவார். புளியோதரைக்குத் தாம்பாளத்தில் ஆறவிடும் அதே கைப்பழக்கம். பிடித்து வைக்கும்போது சோற்றில் உடம்புச் சூடு இருக்கவேண்டும், வெளியே உடையாமல் நிற்கவேண்டும், வாயில் போட்டதும் உதிரவேண்டும். அதனால்தான் போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தால் அவருக்கு முகம் வாடும்.

கோவை வாசகர்: பெல்ட்டில் சுற்றி வருமே, அந்தக் கடை?

அது 1958-இல் ஒசாகா பக்கம் தொடங்கியது. பீர் ஆலையின் பெல்ட்டைப் பார்த்து வந்த யோசனை. மலிவு, குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். இப்போது பல இடங்களில் தொடுதிரையில் கேட்டால்தான் தட்டு வருகிறது.

நாகர்கோவில் வாசகி: போன இதழ்ப் படத்தில் டீ குவளை முழுக்க எழுத்தாக இருந்ததே, என்ன அது?

மீன் பெயர்கள். ஒவ்வொரு எழுத்திலும் இடப்பக்கம் ‘மீன்’ இருக்கும், வலப்பக்கம் வேறொரு எழுத்து. மீனும் பனியும் சேர்ந்தால் காட் மீன். மீனும் ‘கெட்டி’யும் சேர்ந்தால் சூரை. மீனும் ‘பலவீன’மும் சேர்ந்தால் நம்ம சாளை. பிடித்த கொஞ்ச நேரத்தில் கெட்டுப்போவதால் அப்படி என்று தைஷோ சொன்னார். சாளையைப் பலவீனம் என்று எழுதினவர் எங்கள் அம்மா வைத்த குழம்பைச் சாப்பிட்டதில்லை என்று நான் சொன்னேன். அவர் இன்னும் குழம்பு எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.