கென்டக்கிக்குப் போன கொள்ளுத் தாத்தாவைக் கண்டுபிடிப்பது எப்படி? கேள்வி பதில்

அமெரிக்கக் குடும்பங்களுக்கு மருமகளாகவும் மருமகனாகவும் போன நம்மவர்கள், புகுந்த வீட்டு வம்சாவளியைத் தேடுகிறபோது அனேகமாக எல்லாரும் ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கிறார்கள். 1850 வரை எல்லாம் மளமளவென்று கிடைக்கிறது, அதற்கு முன்னால் ஆளையே காணோம். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அப்பலாச்சியன் மலையைத் தாண்டி கென்டக்கி, டென்னசி பக்கம் குடியேறியவர்களைப் பற்றியவை என்பதால் எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அண்ணா, என் மாமனார் வழி மூதாதை 1850 சென்சஸில் இண்டியானாவில் இருக்கிறார். வயது 62, பிறந்தது கென்டக்கி. மனைவி, பிள்ளைகள் பெயரெல்லாம் இருக்கிறது. 1840இல் பார்த்தால் அவர் பெயர் மட்டும்தான். மற்றவர்கள் எங்கே போனார்கள்?

எங்கேயும் போகவில்லை, பெயரை எழுதவில்லை, அவ்வளவுதான். 1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவர் பெயரை மட்டும் எழுதிவிட்டு, மற்றவர்களை ஆண், பெண், வயது என்று கட்டம் போட்டுத் தலையை எண்ணினார்கள். அடிமைகளாக இல்லாத ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, பிறந்த மாநிலம் என்று எழுதியது 1850இல்தான். அதிலும் யார் யாருக்கு என்ன உறவு என்று இருக்காது, அது 1880இல்தான் வந்தது. நீங்கள் ‘மனைவி’ என்கிற அந்த அம்மாள் இரண்டாம் தாரமாக இருக்கலாம், வீட்டோடு வந்து தங்கிவிட்ட தங்கையாகவும் இருக்கலாம். குடும்ப மரத்தில் ஏற்றுவதற்கு முன் கல்யாணப் பதிவைப் பாருங்கள்.

கேள்வி: வெறும் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்யலாம், பொறுமைதான் வேண்டும். 1820 சென்சஸில் ஒரு வீட்டு வரியில் ஆண்கள் இப்படி இருக்கிறார்கள் என்று வையுங்கள்: 10 வயதுக்குள் 2, 10–16இல் 1, 16–18இல் 1, 16–26இல் 2, 45க்கு மேல் 1. கூட்டினால் ஏழு வரும், ஆனால் வீட்டில் இருந்தது ஆறு பேர்தான். அந்த வருடம் மட்டும் 16–18 என்று ஒரு கட்டம் கூடுதலாக இருந்தது, அதில் வந்தவனை 16–26லும் மறுபடி எண்ணினார்கள். புதிதாக வருகிற எல்லாரும் இந்த இடத்தில் இல்லாத பிள்ளையை ஒன்று பெற்றெடுத்துவிடுவார்கள்!

அதே கட்டத்தில் ஒரு லாபமும் உண்டு. அந்தப் பையன் 1802–1804 வாக்கில் பிறந்தவன் என்று தெரிந்துவிடுகிறது. பத்து வருடம் கழித்து 1830இல் அவன் 20–30 கட்டத்தில் இருந்தாக வேண்டும். பழைய வீட்டில் அந்த வயதில் ஆள் குறைந்து, நாலு வீடு தள்ளி அதே குடும்பப் பெயரில் அந்த வயதுக்காரர் ஒருவர் மனைவி, கைக்குழந்தையோடு புதுத் தலைவராக வந்திருந்தால், அவர் மகனாக இருக்கலாம் என்று பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள். பேனா இப்போது வேண்டாம். அண்ணன் மகன், தொழில் பழக வந்த பையன் எல்லாரையும் அந்தக் கட்டம் ஒன்றாகத்தான் எண்ணும்.

இன்னொன்று, சில ஊர்ப் பட்டியல்களை அகர வரிசையில் படியெடுத்து வைத்திருக்கிறார்கள். அங்கே ‘பக்கத்து வரி, அதனால் பக்கத்து வீடு’ என்ற கணக்கு செல்லாது.

கேள்வி: சார், கென்டக்கி 1800 சென்சஸ் எந்தத் தளத்திலும் வரவில்லை. நான் சரியாகத் தேடவில்லையா?

கென்டக்கியின் 1790, 1800 இரண்டுமே காணாமல் போனவை. டென்னசியிலும் அந்த இரண்டும் இல்லை, 1810லும் பெரும்பகுதி போய்விட்டது. ஆனால் கென்டக்கிக்கு வரிப்பட்டியல் இருக்கிறது, என்னைக் கேட்டால் சென்சஸை விட அதுதான் மேல். பத்து வருடத்துக்கு ஒரு முறை வருவதற்குப் பதிலாக வருடா வருடம் ஆளைக் காட்டுகிறது. 21 வயது ஆன வெள்ளை ஆண் தன் பெயரில் வர வேண்டும், 16க்கு மேல் 21க்குள் இருப்பவர்களுக்குத் தனிக் கட்டம். அப்பா வரியில் ஒரு வருடம் அந்தக் கட்டத்தில் 1 இருக்கிறது, அடுத்த வருடம் அது காலியாகி அதே ஓடைக்கரையில் புதுப்பெயர் ஒன்று, ஒரு குதிரையோடு, நிலம் இல்லாமல் வருகிறது என்றால் பையனுக்கு 21 ஆகிவிட்டது என்று அர்த்தம். அதிலிருந்து பிறந்த வருடமே கிடைத்துவிடும்.

நிலம் எந்த ஓடையின் மேல் இருக்கிறது, முதலில் யார் பெயரில் பதிந்து யார் பெயரில் அளந்தது என்பதும் அதில் வரும். நம்மூரில் வில்லங்கம் பார்க்கிறவர் மூலப் பத்திரத்தைத் தேடுகிற மாதிரி அந்தப் பெயர்களைப் பிடித்துப் பின்னால் போங்கள். ஒரே நிலத்துக்குப் பல பேர் உரிமை கொண்டாடிய பூமி அது. லிங்கனின் அப்பா தாமஸ் 1816இல் கென்டக்கியை விட்டு இண்டியானாவுக்குப் போனதற்கு நிலத் தகராறும் ஒரு காரணம். தகராறு என்றால் வழக்கு, வழக்கு என்றால் சாட்சி. இவரை எத்தனை வருடமாகத் தெரியும், எந்த ஊரிலிருந்து சேர்ந்து வந்தோம் என்று பழைய ஆட்கள் சொல்லியிருப்பார்கள்.

மாவட்ட எல்லையையும் கவனிக்க வேண்டும். 1776 கடைசியில் அந்தப் பகுதி முழுக்க வர்ஜீனியாவின் ஒரே மாவட்டம், 1780இல் மூன்று, 1792இல் மாநிலம் ஆனபோது ஒன்பது, இன்றைக்கு 120. உங்கள் ஆள் குடிசையை விட்டு நகராமலே இரண்டு மூன்று மாவட்டத்தில் ‘வாழ்ந்திருப்பார்’.

கேள்வி: அப்பா யார் என்று உயில் இல்லை, பிறப்புப் பதிவும் இல்லை. சூழ்நிலைச் சான்றை மட்டும் வைத்து நிரூபிக்க முடியுமா?

முடியும். ஆனால் அவர் பெயரையே தேடிக்கொண்டிருந்தால் நடக்காது. மலையைத் தாண்டியவர்கள் தனியாகத் தாண்டவில்லை. கென்டக்கிக்கு வழி திறந்த முன்னோடி டேனியல் பூனின் மனைவி ரெபெக்கா பிரையன் வீட்டுப் பெண், அந்த பிரையன் குடும்பமும் வட கரோலினாவின் யாட்கின் ஆற்றுப் பக்கத்திலிருந்து கென்டக்கிக்கு வந்து பிரையன்ஸ் ஸ்டேஷன் என்று கோட்டை கட்டியது. பங்காளி, சம்பந்தி, சபைக்காரர் என்று கும்பலாகப் போனார்கள், அடுத்த மாநிலத்துக்கும் அதே கும்பல்தான் போனது. அதனால் உங்கள் ஆளின் பத்திரங்களில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் யார், பக்கத்து நிலம் யாருடையது, யாருக்கு இவர் ஜாமீன் நின்றார் என்று ஒரு பட்டியல் போட்டு, அவர்கள் முன்பு எந்த ஊரில் இருந்தார்கள் என்று பாருங்கள். உங்கள் ஆளும் அங்கேதான் இருப்பார்.

கல்யாண ஜாமீன் பத்திரத்தை, அதாவது இந்தக் கல்யாணத்துக்குச் சட்டப்படி தடை இல்லை என்று மாப்பிள்ளை எழுதிக் கொடுத்த பத்திரத்தை, விடாதீர்கள். மாப்பிள்ளையோடு கையெழுத்துப் போடுகிறவர் பெரும்பாலும் பெண்ணின் அப்பா அல்லது அண்ணன். பெண் 21க்குக் கீழே என்றால் சம்மதச் சீட்டு ஒன்று இருக்கும். அதில் அம்மா கையெழுத்து இருந்தால் அப்பா அப்போது உயிரோடு இல்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

எதிர்ச் சான்றையும் தேட வேண்டும், அதுதான் யாரும் செய்ய விரும்பாத வேலை. அதே மாவட்டத்தில் அதே வயதில் வேறு அப்பா சாத்தியமா என்று ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வாருங்கள். லிங்கனின் அம்மா நான்சி ஹேங்ஸ் யார் மகள் என்று நூறு வருடத்துக்கும் மேல் சண்டை போட்டார்கள். தாய்வழி டிஎன்ஏ சோதனை 2015இல் வந்த பிறகுதான் லூசி ஹேங்ஸின் மகள் என்ற பக்கம் வலுத்தது.

கேள்வி: ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு பேர், சீனியர், ஜூனியர். அப்பா, மகன்தானே?

இல்லாமலும் இருக்கலாம். அந்தக் காலத்தில் வயதில் மூத்தவர் சீனியர், இளையவர் ஜூனியர். சித்தப்பாவாக இருக்கலாம், உறவே இல்லாதவராகவும் இருக்கலாம். மூத்தவர் செத்ததும் ஜூனியர் சீனியர் ஆகிவிடுவார். நிலம் எந்த ஓடை, விற்கும்போது மனைவி என்ற முறையில் தனக்குள்ள உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டவர் யார் என்பதை வைத்துப் பிரியுங்கள்.

கேள்வி: கணவரின் முப்பாட்டி செரோக்கி இளவரசி என்கிறார்கள்...

செரோக்கிகள் அமெரிக்கப் பழங்குடியினர், அவர்களிடம் இளவரசிகள் கிடையாது. கதை தெற்கத்தி வீடுகளில் பாதியில் உண்டு. பழங்குடி உறுப்பினர்களைப் பதிந்து 1898க்குப் பிறகு எடுத்த டாஸ் பட்டியலில் பாருங்கள்.

கேள்வி: அக்கா, என் கணவர் கறுப்பினத்தவர். அவர் குடும்பத்துக்கும் இதே வழிதானா? (அக்கா இல்லை, அண்ணன். பரவாயில்லை!)

முறை ஒன்றுதான், சுவர் வேறு இடத்தில் இருக்கிறது. அடிமைகளாக இருந்தவர்கள் பெயரோடு வருகிற முதல் சென்சஸ் 1870. 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உடைமையாளர் பெயர் மட்டும் இருக்கும், மனிதர்களுக்கு வயது, பால், நிறம்தான். 1870இல் அவர்களைச் சுற்றி வாழ்ந்த வெள்ளைக்காரக் குடும்பங்களைப் பாருங்கள், அவர்களின் உயில், சொத்துக் கணக்கில் அடிமைகளின் பெயர்கள் இருக்கும். விடுதலையானவர்களுக்காக 1865–1874இல் நடந்த ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் கணக்குப் பதிவுகளில் சிலர் பெற்றோர், உடன்பிறந்தோர் பெயரையே சொல்லியிருக்கிறார்கள்.

கேள்வி: காசு கட்டாமல் எங்கே பார்ப்பது?

ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் கணக்குத் தொடங்கினால் போதும், சென்சஸும் கென்டக்கி வரிப்பட்டியலும் இலவசம். தேடல் பெட்டியில் வராத பத்திரப் பதிவேடுகளைப் படம் படமாகப் புரட்டித்தான் பார்க்க வேண்டும். 1890 சென்சஸைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், 1921 தீ விபத்துக்குப் பிறகு அதில் துண்டு துணுக்குதான் மிச்சம்.