செப்பலும் முழக்கமும்

அன்புள்ள ஐயா,

ஆண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழ் நடத்துகிறேன். ஆண்டுதோறும் பேச்சுப்போட்டியும் கவிதை வாசிப்பும் நடத்துவது என் பொறுப்பு. பேச்சுக்கு நாற்பது பேர் பெயர் கொடுத்தால் கவிதைக்கு மூன்று பேரைச் சேர்ப்பதே பெரும்பாடு. அவர்களும் மேடைப்பேச்சு மாதிரி முழங்கிவிட்டுப் போவார்கள். இந்த ஆண்டு எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மெல்லிய குரலில் வாசிக்கத் தொடங்கினான். இரண்டாவது வரியில் குரல் கீச்சிட்டது. அரங்கமே சிரித்தது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டான். "பையன்களுக்குக் கவிதை ஒத்துவராது, எடுத்துவிட்டுப் பட்டிமன்றம் வைத்துவிடலாம்" என்கிறார்கள் சக ஆசிரியர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் ஏன் வேண்டும் என்று எடுத்துச் சொல்ல என்னிடம் வாதம் இல்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு தமிழாசிரியர்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள்.

அந்தப் பையனிலிருந்தே தொடங்குகிறேன். எட்டாம் வகுப்பு என்றால் பதின்மூன்று வயது இருக்கும். மகரக்கட்டு உடைகிற பருவம். குரல்வளை பெரிதாகி, குரல்நாண்கள் நீண்டு தடித்து, குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. இறங்கி நிலைகொள்ளும்வரை சில மாதங்களுக்கு அது சொந்தக்காரனுக்கே கட்டுப்படாது. முழங்குகிறவனுக்குப் பிசிறினால் கூட்டம் அதை ஆவேசம் என்று எடுத்துக்கொள்ளும். மெல்ல வாசிக்கிறவனுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. சிரித்தவர்களில் பலருக்கு அடுத்த சில மாதங்களில் இதுவே நடக்கப்போகிறது. அது அவர்களுக்கும் உள்ளூரத் தெரியும்.

நானும் அப்படிச் சிரித்தவன். என் வகுப்புத் தோழன் கவிதை வாசிக்கையில் குரல் உடைந்தது. முன்வரிசையில் இருந்து உரக்கச் சிரித்தேன். அன்று பேச்சுப்போட்டியில் எனக்கு முதல் பரிசு. உரை ஆசிரியர் எழுதியது, எந்த இடத்தில் கையை உயர்த்துவது என்பதும் அவர் சொல்லிக்கொடுத்தது. மறு ஆண்டு கவிதை வாசிக்க எனக்கு ஆசை வந்தது. பெயர் கொடுக்க நாக்கு எழவில்லை. அவனைப் பார்த்துச் சிரித்தபோது என் வாயையும் சேர்த்தே அடைத்துக்கொண்டேன் என்பது வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது.

வாதம் வேண்டும் என்றீர்கள். உள்ளத்து உணர்ச்சிகள் உடலில் வெளிப்படுவதைச் சொல்லும் பகுதியான தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை எடுத்துக்கொண்டு போங்கள். நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (சினம்), உவகை (மகிழ்ச்சி) என்று மெய்ப்பாடுகள் எட்டு. ஒரு பேச்சுப்போட்டியைத் தொடக்கம் முதல் கடைசி வரை உட்கார்ந்து கேட்டால் இவற்றில் எத்தனை கண்ணில் படும்? பெருமிதமும் வெகுளியும்தான். நகை எப்போதாவது தலைகாட்டும், அதுவும் எதிரணியை மட்டம்தட்ட. ஆண்பிள்ளைகள் மட்டும் இருக்கிற இடத்தில் தயங்காமல் வெளியே காட்ட முடிகிற உணர்ச்சிகளும் இவைதானே. அச்சத்தைக் காட்டினால் கேலி, அழுகையைக் காட்டினால் பட்டப்பெயர். ஒன்றைக் கண்டு வாய்பிளந்து வியந்தால்கூட அவன் சின்னப்பையன். ஏற்கெனவே கைவந்த இரண்டுக்கும் மேடை போட்டுக் கோப்பையும் கொடுக்கிறோம். மற்றவற்றைப் பழக அவர்களுக்குக் கவிதை வாசிப்பை விட்டால் பள்ளியில் வேறு எந்த மணிநேரம் இருக்கிறது? பெருமிதத்துக்கும் தொல்காப்பியர் சொல்லும் நிலைக்களன்கள், அதாவது அது பிறக்கும் இடங்கள், கல்வி, தறுகண் (அஞ்சாமை), இசைமை (புகழ்), கொடை. உரத்த தொண்டை அந்தப் பட்டியலில் இல்லை.

கவிதையை முழங்கத்தான் வேண்டும் என்ற பழக்கம் எங்கிருந்து வந்ததோ, செய்யுள் இலக்கணமான யாப்பிலிருந்து வரவில்லை. வெண்பாவுக்கு உரிய ஓசை செப்பல். செப்புதல் என்றால் சொல்லுதல், எதிரில் இருப்பவரிடம் சொல்வது. குறள் வெண்பாவும் இதில் அடக்கம்; நாமோ ஒப்புவித்தல் போட்டியில் ஏழு சீரையும் ஒரே மூச்சில் ஓடவிட்டு, எத்தனை குறள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆசிரியப்பாவுக்கு அகவல், கலிப்பாவுக்குத் துள்ளல், வஞ்சிப்பாவுக்குத் தூங்கல். நான்கு ஓசையில் முழக்கம் என்று ஒன்று கிடையாது.

புறநானூற்றின் 112ஆம் பாடலை உங்கள் பையன்களிடம் கொடுத்துப் பாருங்கள். பாரி மகளிர் பாடியது, ஐந்தே அடி. அன்றைய நிலவில் தந்தை இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது; இன்றைய நிலவில் குன்றை வேந்தர் கொண்டார், தந்தையும் இல்லை. வசை இல்லை, சாபம் இல்லை. முரசு வருகிறது, அதுவும் வென்றவர்களுடைய முரசு. இதை அடித்தொண்டையில் முழங்கச் சொல்லுங்கள். முழங்குகிறவனுக்கே கூசும். பிறகு மெல்லச் சொல்லச் சொல்லுங்கள். 'அற்றைத் திங்கள்' முடிந்து 'இற்றைத் திங்கள்' வருமுன் எவ்வளவு நேரம் நிறுத்துவது என்ற கேள்வி அவனுக்குத் தானாக எழும். கூடிப்போனால் நாடகமாகிவிடும், குறைந்தால் இழப்பு காதில் விழாது. அந்த இடைவெளியைத் தானே கண்டுபிடித்தவன் பிறகு பேச்சுப்போட்டிக்குப் போனாலும் வேறு மாதிரி பேசுவான். கேட்பவர்களுக்கு நேரம் கொடுக்கப் பழகியிருப்பான்.

நடத்தும் முறையில் சிலவற்றை மாற்றலாம். தாள் கையில் இருக்கட்டும். வாசிப்பும் ஒப்புவித்தலும் வேறு வேறு. கவிதையை அவனே தேர்ந்தெடுக்கட்டும். மேடைக்கு முன் நான்கைந்து பேர் வட்டமாக உட்கார்ந்த வகுப்பறையில் இரண்டு மூன்று தடவை வாசிக்கட்டும். சிரிப்பு வந்தால் அங்கேயே வந்து தீரும். யாராவது கத்தினால், மைக் வைத்திருப்பதே கத்தாமல் இருக்கத்தான் என்று சொல்லுங்கள். நடுவர்களின் மதிப்பெண் தாளில் 'குரல்வளம்' என்ற கட்டத்தை முதலில் எடுத்துவிடுங்கள். மகரக்கட்டு உடைகிற வயதில் குரல்வளத்துக்கு மதிப்பெண் போடுவது, பிறந்த மாதத்துக்கு மதிப்பெண் போடுவதுபோல. ழகர ளகர வேறுபாட்டுக்குப் போடுங்கள், நிறுத்தத்துக்குப் போடுங்கள். பேச்சுப்போட்டிக்கும் ஒரே ஒரு விதி போதும்: உரையை அவனே எழுத வேண்டும். நாற்பது பேர் பதினைந்தாகக் குறைந்தால் குறையட்டும்.

பட்டிமன்றமும் வையுங்கள், தப்பில்லை. கவிதையின் இடத்தில் வேண்டாம்.

அந்தப் பையன் தாளைக் கசக்கி எறியவில்லை, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது இன்னும் அவனிடம் இருக்கக்கூடும். எந்தக் கவிதை என்று உங்கள் கடிதத்தில் இல்லை. ஒருநாள் வகுப்பு முடிந்ததும் அவனிடம் கேளுங்கள். வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டாம், அதை ஏன் தேர்ந்தெடுத்தான் என்று மட்டும் கேளுங்கள். அவன் சொன்னதை முடிந்தால் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்