பள்ளத்தைத் தேடாதீர்கள்: வைட் தீவில் டைனோசர் தடம்

இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய வைட் தீவுக்குக் குளிர்காலம்தோறும் எலும்பு பொறுக்கப் போகிறவன் நான். வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

அண்ணா, காம்ப்டன் விரிகுடாவில் இரண்டு மணி நேரம் நடந்தோம். ஒரு காலடித் தடம்கூடக் கண்ணில் படவில்லையே?

பள்ளத்தைத் தேடியிருப்பீர்கள். அங்கே கிடப்பது பெரும்பாலும் பள்ளத்தை நிரப்பிய கல். சுமார் 12.5 கோடி ஆண்டுகளுக்கு முன் அது ஆற்றுச் சமவெளி. இகுவானோடான் வகை டைனோசர்கள் சேற்றில் மிதித்த குழிகளில் மணல் வந்து நிரம்பியது. மணல் கல்லாக இறுகியது, சேறு வெறும் களிமண்ணாகவே நின்றுவிட்டது. இப்போது கடல் அந்தக் களிமண்ணைக் கரைத்துவிடுகிறது. இட்லித் தட்டு கரைந்துபோய் இட்லி மட்டும் மிஞ்சினால் எப்படியோ, அப்படி! ஹானோவர் முனைக்குக் கீழே, மூன்று தடித்த விரல்களோடு கிடக்கும் பாறைகளைப் பாருங்கள். முதல் தடவை அப்படி ஒன்றின் மேல் உட்கார்ந்துதான் நான் டீ குடித்தேன், தெரியாமலே.

எப்போது போகலாம்?

குளிர்காலத்தில், புயல் ஓய்ந்த மறுநாள். கடல் வற்றும்போது இறங்குங்கள், ஏறத் தொடங்கியதும் திரும்பிவிடுங்கள். ஒருமுறை இன்னும் பத்து நிமிடம் என்று நின்று, இடுப்பளவுத் தண்ணீரில் வந்து சேர்ந்தேன். பாறைச் சரிவின் அடியிலும் நிற்காதீர்கள், மண் சரியும்.

கறுப்பாக ஒரு துண்டு கிடைத்தது. எலும்பா?

கறுப்பாகக் கிடப்பதில் நிறைய மரம்தான். உடைந்த முகத்தைப் பாருங்கள். பஞ்சு போல நுண்துளைகள் இருந்தால் எலும்பாக இருக்கலாம், நார் நாராக ஓடினால் மரம். வீட்டில் ஈரம் படாமல் வையுங்கள். பைரைட் என்ற இரும்புக் கனிமம் கலந்த துண்டு காற்றும் ஈரமும் பட்டு, சில வருடங்களில் பொடிந்துவிடும்.

சுத்தியல் கொண்டு போகலாமா சார்?

வேண்டாம். பாறையைக் குடைவது தப்பு, காலடிக் கற்களை எடுப்பதும் தப்பு. கரையில் உதிர்ந்து கிடக்கும் சிறு துண்டுகள் போதும். வித்தியாசமாக ஏதாவது தெரிந்தால் சாண்டவுனில் உள்ள டைனோசர் ஐல் அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். 2019-ல் ஷாங்க்ளின் கரையில் சில வார இடைவெளியில், ஒருவரையொருவர் அறியாத மூன்று தரப்பினர் எடுத்த முதுகெலும்புகள் அங்கேதான் வந்து சேர்ந்தன. எல்லாம் ஒரே டைனோசருடையவை என்று கருதி, 2020-ல் வெக்டேரோவெனேட்டர் என்று புதுப் பெயர் வைத்தார்கள். மூவரில் ஒருவர் தன் துண்டை அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தால்?

நம்ம பெரம்பலூரில் கிடைத்ததும் டைனோசர் முட்டைதானே?

இல்லை. 2020-ல் குன்னத்தில் கிடைத்த உருண்டைகளைப் பற்றிக் கேட்கிறீர்கள். அவை அம்மோனைட் என்ற கடல் உயிரியைச் சுற்றி இறுகிய கல். அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் கடலாக இருந்தது. முட்டையைவிட அதுதான் எனக்கு ஆச்சரியம்.

என் பையனுக்கு எட்டு வயது. கூட்டிப் போகலாமா?

தாராளமாக. குனியாமலே தரையைப் பார்க்கும் உயரம், நம்மைவிட அவன்தான் முதலில் கண்டுபிடிப்பான். மாற்று உடுப்பு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.