விற்பனை ஏறியும் லாபம் இறங்குவது ஏன்?

வாசகர் கேள்வி – பதில்

கீழக்கரை வாசகர்: சோலார் பேனலும் பேட்டரியும் தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் ஷேர் வைத்திருக்கிறேன். டிசம்பர் காலாண்டில் விற்பனை 12 சதவீதம் கூடியிருக்கிறது, லாபம் பாதியாகிவிட்டது. கணக்கில் கோளாறா?

அப்படி முடிவு கட்டிவிட வேண்டாம். பேனலுக்கு வாட் கணக்கில்தான் விலை. ஒரு மாதிரிக் கணக்கு: போன வருடம் இதே காலாண்டில் 400 மெகாவாட் (ஒரு மெகாவாட் 10 லட்சம் வாட்), வாட்டுக்கு 20 ரூபாய் என்றால் 800 கோடி. இந்த வருடம் 600 மெகாவாட், வாட்டுக்கு 15 ரூபாய் என்றால் 900 கோடி. சரக்கு ஒன்றரை மடங்கு வெளியே போயிருக்கிறது, காசு எட்டில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. கண்ணாடி, அலுமினிய ஃபிரேம், லாரி வாடகை எல்லாம் 600 மெகாவாட்டுக்கும் ஆகத்தானே செய்யும்? எனவே எத்தனை மெகாவாட் விற்றது என்பதை முதலில் தேடுங்கள். காலாண்டு முடிவு அறிக்கையில் பெரும்பாலும் அது இருக்காது. முதலீட்டாளர்களுக்காகப் பங்குச் சந்தையில் தாக்கல் செய்யும் விளக்கப் படத்தொகுப்பில் இருக்கும்.

அடுத்தது குடோன். 15 ரூபாய் அடக்கத்தில் செய்த பேனல், விற்பனைச் செலவு போக 13 ரூபாய்க்குத்தான் போகும் என்றால், கணக்கில் அதை 13 என்றே எழுத வேண்டும். 100 மெகாவாட் என்பது 10 கோடி வாட். வாட்டுக்கு 2 ரூபாய் வீதம் 20 கோடி, ஒரு பேனல்கூட விற்காமலே, நஷ்டத்தில் போய்விடும்.

இதில் ஒரு சிக்கல். காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் முடிவை வெளியிட்டாக வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி (ஆண்டுக் கணக்குக்கு 60 நாள்). ஆனால் சொத்து, கடன் பட்டியலும் பணவரத்துக் கணக்கும் செப்டம்பர், மார்ச் முடிவுகளோடுதான் கட்டாயம். நீங்கள் கையில் வைத்திருக்கும் டிசம்பர் அறிக்கையில் சரக்கிருப்பும் வரவேண்டிய பாக்கியும் தெரியாமல் போகலாம். செலவுப் பட்டியலில் 'சரக்கிருப்பில் மாற்றம்' என்றொரு வரி இருக்கும். அந்த எண் அடைப்புக்குறிக்குள் (அதாவது மைனஸில்) இருந்தால் குடோனில் சரக்கு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். விலை இறங்கும் நேரத்தில் சரக்கு சேர்வது நல்ல அறிகுறியே அல்ல. மார்ச் முடிவு வரும்வரை புதிதாகப் பணம் போடாதீர்கள்.

இன்னொன்று, டிசம்பரை செப்டம்பரோடு ஒப்பிட வேண்டாம். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில் என்றாலும், நாட்டின் பெரும்பகுதியில் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் மழை. அப்போது பேனல் பொருத்தும் சைட் வேலை மந்தமாகும்.

மண்டபம் வாசகர்: பேட்டரி ஆர்டர் குவிந்திருக்கிறது என்று கம்பெனி சொல்கிறதே, நம்பலாமா?

ஆர்டர் வருவாய் ஆகாது. பேட்டரி அடங்கிய கன்டெய்னர் சைட்டுக்குப் போய், ஒப்பந்தப்படி கைமாறிய பிறகே கணக்கில் ஏறும். ஒரே பெரிய ஆர்டர் மார்ச் 28-லிருந்து ஏப்ரல் 3-க்குத் தள்ளிப்போனால் ஒரு காலாண்டு படுத்து, அடுத்தது எகிறும். அதைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், குதிக்கவும் வேண்டாம். மெகாவாட்டா, மெகாவாட்-ஹவரா என்றும் பாருங்கள்: 100 மெகாவாட் பேட்டரி 2 மணி நேரம் கொடுத்தால் 200 மெகாவாட்-ஹவர், 4 மணி நேரம் என்றால் 400. பேட்டரிக்குள் இருக்கும் செல்லை வெளியிலிருந்து வாங்கிக் கோக்கிற கம்பெனியா, தானே செய்கிறதா? வாங்குகிறது என்றால், செல் விலை ஏறும்போது அதை வாடிக்கையாளரிடம் வசூலிக்க ஒப்பந்தம் இடம் கொடுக்கிறதா என்பதில்தான் லாபம் நிற்கிறது. பேட்டரியைத் தனிப் பிரிவாகக் காட்டியிருந்தால், முடிவு அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் உள்ள பிரிவு வாரிக் கணக்கில் அதன் லாபம் தனியே தெரியும்.

பாம்பன் வாசகர்: உப்புக்காற்றில் பேனல் கெட்டால் வாரண்டிப் பணம் எந்தக் கணக்கில் வரும்?

இங்கே முதலில் போவது கண்ணாடி அல்ல. ஒயர் இணைப்பான், எர்த் கம்பி முனை, ஸ்டாண்டின் போல்ட்டு. செம்பு முனையில் பச்சை பூத்துவிடும். இவற்றில் எர்த் கம்பியும் ஸ்டாண்டும் பொதுவாகப் பேனல் வாரண்டிக்குள் வராதவை. பேனலுக்கு ஐஇசி 61701 என்ற உப்புப்பனிச் சோதனை ஆகியிருக்கிறதா என்று விவரத்தாளில் பாருங்கள். கடலிலிருந்து இத்தனை மீட்டருக்குள் செல்லாது என்ற நிபந்தனை வாரண்டிச் சீட்டில் இருக்கிறதா என்றும் படியுங்கள்.

கம்பெனி தன் பங்குக்கு விற்கும்போதே வாரண்டிக்கென ஒரு தொகையை ஒதுக்கும். ஆண்டறிக்கையின் குறிப்புகளில் 'ஒதுக்கீடுகள்' என்ற தலைப்பில், ஆரம்ப இருப்பு, சேர்த்தது, செலவானது, திருப்பி எடுத்தது (தேவைப்படாது என்று லாபத்தில் மறுபடி சேர்த்தது) என்று எண்கள் இருக்கும். விற்பனை ஏற ஏற 'சேர்த்தது' அப்படியே நின்றாலோ, 'திருப்பி எடுத்தது' திடீரென்று பெருத்தாலோ, அந்த வருட லாபத்தில், குறைவாகச் சேர்த்த அல்லது திருப்பி எடுத்த தொகையைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.