சின்ன விண்டோஸ் டேப்லெட்: எந்த வேலைக்கு ஆகும், எதற்கு ஆகாது?

இருபதாயிரம் ரூபாய்க்குள் விண்டோஸ் டேப்லெட் வாங்கலாமா, ஏற்கெனவே வாங்கியதை என்ன செய்வது என்று கேட்டு சென்னை வாசகர்கள் எழுதியவற்றில் பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: பணி ஓய்வு பெற்றவன். மின்னிதழ் படிக்க வேண்டும், பேரனோடு வீடியோ காலில் பேச வேண்டும், அவ்வப்போது தமிழில் கட்டுரை டைப் செய்ய வேண்டும். 10 அங்குல விண்டோஸ் டேப்லெட் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கட்டுமா? – வாசகர், மயிலாப்பூர்

பதில்: முதல் இரண்டு வேலைகளுக்காக என்றால் வேண்டாம், ஐயா. விண்டோஸ் விசைப்பலகையையும் மவுஸையும் நம்பி வளர்ந்தது. விரலால் தொட்டுப் படிக்க ஏற்ற செயலிகள் அதில் குறைவு. ஆண்ட்ராய்டு செயலிகளை விண்டோஸ் 11-க்குள் ஓட்டும் வசதி ஒன்று இருந்தது. அதற்கான ஆதரவையும் மைக்ரோசாஃப்ட் 2025 மார்ச் 5 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 10-இல் இருந்த தனி ‘டேப்லெட் மோட்’ 11-இல் கிடையாது. இன்னொரு தொல்லையும் உண்டு: ஆண்ட்ராய்டு டேப்லெட்டைத் திரையணைத்து வைத்தால் நாட்கணக்கில் சார்ஜ் நிற்கும். மலிவான விண்டோஸ் டேப்லெட்டோ தூங்கும்போதும் பின்னணியில் ஏதாவது இழுத்துக்கொண்டே இருக்கும். இரவு மேசையில் வைத்ததைக் காலையில் எடுத்தால் பேட்டரி பாதியாகக் குறைந்திருக்கலாம்.

கட்டுரை டைப் செய்வது மட்டும் வேறு கதை. வேர்டில் பக்கம் பக்கமாக எழுதுபவர் என்றால் விண்டோஸ் வசதிதான். செட்டிங்ஸில் ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’ போய், தமிழ் மொழியைச் சேர்த்து, அதன் ‘கீபோர்ட்ஸ்’ பகுதியில் தமிழ் 99 என்ற விசைப்பலகை அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் போதும், தனி மென்பொருள் வேண்டாம். ஆனால் அதைத் திரையில் தட்டி எழுதினால் கை ஓய்ந்துவிடும். தனி விசைப்பலகை கட்டாயம் வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். உங்கள் தேவைகளை வைத்துப் பார்த்தால் ஆண்ட்ராய்டு டேப்லெட்டும் ஒரு ப்ளூடூத் விசைப்பலகையும்தான் எங்கள் தேர்வு.

கேள்வி: சின்ன ஜவுளிக்கடை. கல்லாவில் இடமே இல்லை. விண்டோஸ் டேப்லெட்டில் டேலி போட்டு, பார்கோடு ஸ்கேனர், பில் பிரின்டர் இரண்டையும் இணைத்து ஓட்ட முடியுமா? – வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: ஓட்டலாம். விண்டோஸில் மட்டுமே ஓடும் ஒரு மென்பொருள் கட்டாயம், இடமும் குறைவு என்ற இரண்டும் சேர்ந்தால்தான் இந்த வகைக் கருவிக்கு அர்த்தம் இருக்கிறது. உங்களுக்கு இரண்டும் இருக்கின்றன. ஆனால் வாங்கும் முன் சிலவற்றைச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

டேலி பிரைம் 64-பிட் விண்டோஸில்தான் ஓடும், 4 ஜிபி ராமாவது கேட்கும். விண்டோஸ் 11 தொடங்கி நின்ற நிலையிலேயே 2 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அதனால் 4 ஜிபி டேப்லெட்டில் டேலியோடு குரோமில் ஜிஎஸ்டி தளத்தையும் திறந்தால் மூச்சு வாங்கும். ராம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது, பிறகு கூட்டவே முடியாது. எனவே 8 ஜிபி ராம், 128 ஜிபி சேமிப்பு, இதற்குக் கீழே போகாதீர்கள். பிராசசரில் இன்டெல் என்100 நான்கு கோர் கொண்டது, 2023-இல் வந்தது, இந்த வேலைக்குத் தாராளம். செலரான் என்4020-இல் இரண்டே கோர்கள்தான். அதில் டேலி ஓடும், ஆனால் பின்னால் அப்டேட் இறங்கும்போது பில் போட வரிசையில் நிற்பவர் காத்திருக்க நேரும்.

அடுத்தது இணைப்புகள். இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். பார்கோடு ஸ்கேனர் விசைப்பலகையைப் போலவே தன்னை அடையாளம் காட்டிக்கொள்ளும், டிரைவர் (கருவியை இயக்க விண்டோஸுக்கு உதவும் சிறு மென்பொருள்) தனியாகத் தேவையில்லை. தெர்மல் பிரின்டருக்கு விண்டோஸ் டிரைவர் வேண்டும். 58 மி.மீ. தாளா, 80 மி.மீ. தாளா என்று பார்த்து டிரைவரிலும் அதே அளவை வையுங்கள், இல்லையென்றால் பில்லின் வலது ஓரத் தொகை வெட்டுப்படும். ப்ளூடூத் பிரின்டர் விண்டோஸில் காம் போர்ட்டாக, அதாவது பழைய வகை இணைப்புத் துளையைப் போல, வரும். உங்கள் பில்லிங் மென்பொருள் அதை ஏற்குமா என்று கடையிலேயே ஒரு பில் அடித்துப் பாருங்கள். யுஎஸ்பி பிரின்டர்தான் தலைவலி குறைவு.

பல டேப்லெட்டுகளில் ஒரே ஒரு டைப்-சி துளைதான் இருக்கும். அதிலேயே சார்ஜும் ஆக வேண்டும், ஸ்கேனர், பிரின்டர், விசைப்பலகை மூன்றும் இணைய வேண்டும். இதற்கு ஒரு துளையைப் பல துளைகளாக்கும் சாதாரண ஹப் போதாது. சார்ஜரையும் செருகி டேப்லெட்டுக்கு மின்சாரம் கடத்தும் ‘பவர் டெலிவரி’ உள்ளீடு கொண்ட ஹப் வேண்டும். டேப்லெட்டின் துளையும் அந்த முறையில் சார்ஜ் ஏற்பதாக இருக்க வேண்டும். மலிவு மாடல்கள் சிலவற்றில் டைப்-சி துளை பெயருக்கு இருக்கும், சார்ஜ் ஆவதோ பக்கத்தில் உள்ள வட்டத் துளையில். ஹப் தனக்கே சில வாட் எடுத்துக்கொள்வதால் டேப்லெட்டோடு வந்த சார்ஜரைவிடக் கூடுதல் திறன் கொண்ட சார்ஜரை ஹப்பில் செருகுங்கள்.

கரண்ட் போனாலும் டேப்லெட் தன் பேட்டரியில் நிற்கும் என்பது நல்ல விஷயம். பிரின்டருக்கும் வைஃபை ரவுட்டருக்கும் இன்வெர்ட்டர் லைன் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் டேப்லெட் மட்டும் விழித்திருந்து பயனில்லை. ஹப், விசைப்பலகை, ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் செலவு ஒரு சாதாரண லேப்டாப்பைத் தொட்டுவிடும். கல்லாவில் லேப்டாப் வைக்க இடம் கண்டுபிடிக்க முடிந்தால் அதையே வாங்குங்கள்.

கேள்வி: பழைய 8 அங்குல டேப்லெட், 2 ஜிபி ராம், 32 ஜிபி சேமிப்பு. விண்டோஸ் 10 அப்டேட் ஒவ்வொரு முறையும் ‘இடமில்லை’ என்று நின்றுவிடுகிறது. மகளின் படிப்புக்காக வைத்திருக்கிறோம். – வாசகர், பெரம்பூர்

பதில்: 32 ஜிபி என்று அட்டையில் போட்டிருந்தாலும் விண்டோஸ் கணக்கில் அது 29 ஜிபி அளவுதான். அதில் ரெக்கவரி பகுதி, விண்டோஸ், அதன் பழைய அப்டேட் கோப்புகள் போக மிஞ்சுவது சொற்பம். பெரிய அப்டேட்டுக்கோ 6 முதல் 11 ஜிபி வரை காலியிடம் தேவைப்படும். கருவியில் பழுது ஏதும் இல்லை, இடத்தின் கணக்குதான் உதைக்கிறது.

முதலில் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், ‘டெம்பரரி ஃபைல்ஸ்’ என்று போங்கள். அங்கே ‘டவுன்லோட்ஸ்’ டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள், பாடக் குறிப்புகள் அழிந்துவிடும். முந்தைய விண்டோஸ் நிறுவல், டெலிவரி ஆப்டிமைசேஷன், அப்டேட் கிளீனப் மூன்றையும் டிக் செய்து அழியுங்கள். அதே ஸ்டோரேஜ் பக்கத்தில், புதிய கோப்புகள் எங்கே சேமிக்கப்பட வேண்டும் என்பதை மைக்ரோ எஸ்டி கார்டுக்கு மாற்றுங்கள். பாடமும் படமும் கார்டில் இருக்கட்டும். மென்பொருள்களைக் கார்டில் போடாதீர்கள், கார்டு ஒரு நொடி தொடர்பு இழந்தாலும் அவை நின்றுபோகும்.

இன்னும் இடம் போதவில்லை என்றால் 16 ஜிபி பென் டிரைவ் ஒன்றைக் காலி செய்து, மைக்ரோ யுஎஸ்பி துளையில் பென் டிரைவை இணைக்கும் ஓடிஜி கேபிளில் செருகுங்கள். அப்டேட்டின்போது இடப் பற்றாக்குறை என்ற அறிவிப்பில் வெளிச் சேமிப்பைப் பயன்படுத்தும் வழி வரும். குறைந்தது 10 ஜிபி காலியிடம் வேண்டும், அப்டேட் முழுதாக முடியும்வரை பிடுங்கக் கூடாது. பேட்டரியை முதலிலேயே 100 சதவீதம் ஏற்றிவிடுங்கள். ஏனென்றால் ஒரே மைக்ரோ யுஎஸ்பி துளையில் பென் டிரைவ் இருக்கும்போது பெரும்பாலான மாடல்களில் சார்ஜ் ஏறாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம் 2026 அக்டோபர் 13 வரைதான், அதற்கும் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-இல் இருக்க வேண்டும். விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, 9 அங்குலத்துக்கு மேற்பட்ட திரை. ராம், சேமிப்பு, திரை மூன்றிலும் இந்த டேப்லெட் தேறாது. மகள் இதில் பாடம் படிக்கலாம், வீடியோ பார்க்கலாம். வங்கி வேலையும் யுபிஐயும் இதில் வேண்டாம்.

கேள்வி: ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் விண்டோஸ் டேப்லெட் பார்த்தேன். கடையில் நின்று எதையெல்லாம் சோதிப்பது? – வாசகர், அம்பத்தூர்

பதில்: முதலில் வயதைப் பாருங்கள். 9 அங்குலத்துக்குக் குறைந்த கருவிகளுக்கு விண்டோஸ் உரிமம் இலவசம் என்று மைக்ரோசாஃப்ட் 2014-இல் அறிவித்ததும் இன்டெலின் ‘ஆட்டம்’ என்ற பிராசசரோடு 32 ஜிபி டேப்லெட்டுகள் வந்து குவிந்தன. பழைய சரக்காகக் கிடைப்பதில் அவையும் உண்டு. செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் பக்கத்தில் பிராசசர் பெயரில் ‘ஆட்டம்’ என்று இருந்தால் எவ்வளவு மலிவானாலும் வைத்துவிடுங்கள். மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் கோ டேப்லெட்டைப் பார்த்தால் எந்தத் தலைமுறை என்று கேளுங்கள். 2018-இல் வந்த முதல் மாடலின் பென்டியம் 4415ஒய் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை, இரண்டாவது மாடல் உண்டு.

பிறகு டேப்லெட்டை மேசையில் படுக்க வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். திரை ஓரம் ஒரு முடி அளவு தூக்கியிருந்தாலும் உள்ளே பேட்டரி ஊதியிருக்கிறது என்று பொருள். சார்ஜரைச் செருகி மெல்ல ஆட்டுங்கள், சார்ஜ் குறி வந்து வந்து போனால் துளை தளர்ந்துவிட்டது. பெயின்ட் என்ற வரையும் செயலியைத் திறந்து விரலால் திரை முழுக்க நெருக்கமாகக் கோடு போடுங்கள். கோடு ஒரே இடத்தில் அறுபட்டால் அங்கே தொடுதிரை செத்திருக்கிறது.

பேட்டரியின் உண்மை நிலை அறிய கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ‘பவர்’ என்பதோடு சி, எஃப், ஜி எழுத்துகளை ஒட்டி ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோட்டுக் குறி போட்டு, ‘பேட்டரிரிப்போர்ட்’ என்பதை ஒரே சொல்லாக அடித்து என்டர் தட்டுங்கள். உருவாகும் அறிக்கையில் ‘டிசைன் கெபாசிட்டி’, ‘ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி’ இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டாவது, முதலாவதில் 70 சதவீதத்துக்குக் கீழே என்றால் விலை குறைக்கச் சொல்லுங்கள், 50-க்குக் கீழே என்றால் வேண்டாம்.

கடைசிச் சோதனையைப் பலர் செய்வதில்லை. டெஸ்க்டாப்பில் ஒரு கோப்பு உருவாக்கி, டேப்லெட்டை ரீஸ்டார்ட் செய்யுங்கள். கோப்பு காணாமல் போயிருந்தால் இஎம்எம்சி என்ற சேமிப்புச் சில்லு தேய்ந்து, எழுத முடியாத நிலைக்குப் போயிருக்கிறது. அது போர்டிலேயே பற்றவைத்த சேமிப்பு. லேப்டாப்பில் எஸ்எஸ்டியை மாற்றுவது போல மாற்ற முடியாது.

கேள்வி: ஆடிட்டர் அலுவலகத்தில் பயிற்சியில் இருக்கிறேன். ஸ்னாப்டிராகன் பிராசசர் உள்ள விண்டோஸ் டேப்லெட் மலிவாக வருகிறது. டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வேலை செய்யுமா? – வாசகி, தி. நகர்

பதில்: அவசரப்படாதீர்கள். ஸ்னாப்டிராகன் ‘ஆர்ம்’ வகை பிராசசர், இன்டெல் வகை அல்ல. அதற்கான விண்டோஸ் 11 ஆர்ம் பதிப்பு சாதாரண இன்டெல் மென்பொருள்களை மொழிபெயர்த்து ஓட்டிவிடும். டிரைவர்களை மட்டும் அப்படி ஓட்டாது. டோக்கன் நிறுவனமே ஆர்ம் பதிப்பு டிரைவர் தந்தால்தான் கையொப்பம் நடக்கும். டோக்கனையும் அதன் மென்பொருளையும் கடைக்கே எடுத்துப்போய், ஒரு சோதனைக் கையொப்பம் போட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: டேப்லெட்டில் புதிதாக விண்டோஸ் போட்டேன். தொடுதிரை தலைகீழாக வேலை செய்கிறது. இடப்பக்கம் தொட்டால் வலப்பக்கம் திறக்கிறது. – வாசகர், தாம்பரம்

பதில்: மலிவு டேப்லெட்டுகளில் தொடுதிரைக்கான அளவீட்டுக் கோப்பு மாடலுக்கு மாடல் வேறு. அது விண்டோஸில் இருக்காது, தயாரிப்பாளர் போட்டுத் தந்த டிரைவரோடுதான் இருக்கும். முழுதாக அழித்துப் போட்டபோது அது போய்விட்டது. தயாரிப்பாளர் தளத்தில் உங்கள் மாடலின் டிரைவர் தொகுப்பு இருந்தால் இறக்கி, டிவைஸ் மேனேஜரில் தொடுதிரைக் கருவியைத் தேர்ந்து, ‘அப்டேட் டிரைவர்’ வழியாக அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். பின் அட்டையில் உள்ள மாடல் எண் ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு திரையாக இருக்கலாம்.

இதே வேலையைச் செய்யப்போகிறவர்கள், அழிப்பதற்கு முன்பு சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ்டோர் வழியே போய் ‘ஃபைல்ரெபாசிட்டரி’ ஃபோல்டர் முழுவதையும் பென் டிரைவில் படியெடுத்துவிடுங்கள். ஒலி, வைஃபை, கேமரா எல்லாவற்றுக்கும் அதிலிருந்தே டிரைவரைத் திரும்பக் காட்டலாம். முழுதாக அழிப்பதற்குப் பதில் செட்டிங்ஸில் உள்ள ‘ரீசெட் திஸ் பிசி’ போதுமென்றால் அதையே செய்யுங்கள், டிரைவர்கள் தங்கிவிடும்.

கேள்வி: நாள் முழுக்கச் சார்ஜரிலேயே வைத்திருக்கலாமா? – வாசகி, வேளச்சேரி

பதில்: கூடாது. விசிறி இல்லாத கருவி, சூடு வெளியேற பின் அட்டை மட்டுமே வழி. லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. சென்னையின் மே மாதத்தில், ரப்பர் உறைக்குள், வீடியோ ஓடிக்கொண்டே சார்ஜ் ஏறினால் அந்த எல்லை வெகு அருகில். உறையைக் கழற்றிவிட்டு, 80 சதவீதம் ஆனதும் பிடுங்குங்கள். சர்ஃபேஸ் வைத்திருந்தால் விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அதன் யுஇஎஃப்ஐ அமைப்பில் ‘பேட்டரி லிமிட்’ போட்டு 50 சதவீதத்தோடு நிறுத்திவைக்கலாம். எப்போதும் செருகியே இருக்கும் கல்லா டேப்லெட்டுக்கு அது மிகவும் ஏற்றது. ஊதிய பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. உடனே அணைத்து, சார்ஜ் போடாமல், மின்கழிவு சேகரிப்பில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: புது டேப்லெட்டில் ‘எஸ் மோட்’ என்கிறது, டேலி நிறுவ மறுக்கிறது. – வாசகர், குரோம்பேட்டை

பதில்: அந்த நிலையில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் செயலிகள் மட்டுமே நிறுவ முடியும். செட்டிங்ஸில் ‘ஆக்டிவேஷன்’ பகுதிக்குப் போய் ஸ்டோர் இணைப்பைத் திறந்து ‘ஸ்விட்ச் அவுட் ஆஃப் எஸ் மோட்’ கொடுங்கள். கட்டணம் கிடையாது. ஒருமுறை வெளியே வந்தால் திரும்ப அதற்குள் போக முடியாது.