இரு உலகப் போர்களுக்கு இடையே இங்கிலாந்தின் பள்ளி மருத்துவம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: பள்ளிக்கூடத்துக்கு டாக்டர் வரும் ஏற்பாடு எப்படித் தொடங்கியது?

பதில்: தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ஆள் எடுத்தபோது, உடல் தகுதி இல்லையென்று பலரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அந்த அதிர்ச்சியின் பலன்தான் 1907 சட்டம். தொடக்கப் பள்ளிகளில் பரிசோதனை கட்டாயமானது. சிகிச்சை கட்டாயமாக 1918 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பள்ளியில் சேரும்போது, 8 வயதில், 12 வயதில் என மூன்று தடவை பார்ப்பார்கள். பேன் பார்க்க நர்ஸ் தனியாக வருவார்.

கேள்வி: கூட்டம் கூட்டமாக டான்சில் எடுத்தார்களாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். லண்டனை அடுத்த ஹார்ன்சியில் 1928இல் 186 பிள்ளைகளுக்கு அறுவை. மறு வருடம் 12 பேருக்குத்தான். பிள்ளைகளின் தொண்டை ஒரே வருடத்தில் குணமாகிவிடவில்லை, பள்ளி டாக்டராக வேறொருவர் வந்திருந்தார். அலிசன் குளோவர் என்ற டாக்டர் 1938இல் இதை எடுத்துக் காட்டினார்.

கேள்வி: வேலையில்லாத் திண்டாட்டக் காலத்தில் பிள்ளைகள் பசியில் வாடவில்லையா? அரசு அறிக்கைகள் நிலைமை நன்றாக இருந்ததாகத்தானே சொல்கின்றன?

பதில்: அந்த அறிக்கைகளை அப்படியே நம்ப என்னால் முடியவில்லை. பிள்ளையின் ஊட்டத்தை டாக்டர் கண்ணால் பார்த்தே மதிப்பிட்டார். 1930களின் நடுவில் வந்த நான்கு தரங்களும் (மிக நன்று, இயல்பு, சற்றுக் குறைவு, மோசம்) அதே கண்பார்வையை நம்பியவைதான். தினமும் மெலிந்த பிள்ளைகளையே பார்க்கும் டாக்டருக்கு மெலிவே இயல்பாகிவிடும் அல்லவா? ஸ்டாக்டன் ஊரின் சுகாதார அதிகாரி மெகோனிகிள் (M'Gonigle) வேறு வழியில் போனார், குடும்பங்களின் வரவு செலவைக் கணக்கெடுத்தார். சேரியிலிருந்து புது வீடுகளுக்குப் போனவர்களிடையே சாவு கூடியிருந்தது. வாடகை ஏறியதால் சாப்பாட்டுக்குக் காசு மிஞ்சவில்லை என்பதே அவர் கண்ட காரணம்.

கேள்வி: பள்ளியில் பால் கொடுத்தது அப்போதுதானா?

பதில்: ஆமாம், 1934 அக்டோபரில் அரசு மானியத்தோடு பெரிய அளவில் வந்தது. பைன்ட்டில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 190 மில்லி, அரைப் பென்னிக்கு. பால் நிஜமாகவே உதவும் என்பது 1926இலேயே தெரியும். கோரி மான் என்ற டாக்டர் ஒரு விடுதிப் பையன்களை வைத்துச் செய்த சோதனையில், தினம் ஒரு பைன்ட் பால் கூடுதலாகக் குடித்தவர்கள் வருடத்தில் கிட்டத்தட்ட 7 பவுண்டு எடை கூடினார்கள், வழக்கமான சாப்பாடு மட்டும் சாப்பிட்டவர்கள் 4 பவுண்டுக்கும் குறைவு. சரி, அரைப் பென்னிதானே என்று தோன்றும். மூன்று பிள்ளைகள் இருந்தால் வாரம் ஏழரைப் பென்னி. அந்தக் காசும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இலவசப் பால் இருந்தது. ஆனால் ஊட்டம் குறைந்திருக்கிறது என்று பெரும்பாலும் அதே டாக்டர் தன் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.